கத்தரிக்கோல் படாத உடுப்புகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுவினர் என்னை அழைத்தபோது "கல்லூரியின் நாடக மரபு" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். நாடக மரபு பற்றிப் பேசுவதற்கு மேடையில் நின்றவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறார்கள். நான் ஒருநாளும் மேடையில் நின்றவள் அல்ல. திரைக்குப் பின்னால் வாயில் நான்கு பின்னைக் கடித்துக்கொண்டு நின்றவள். இப்போது கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குத் தையல் பழக்குகிறேன். ஆகவே எனக்குத் தெரிந்ததை, உடுப்பைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்டேன். தந்தார்கள்.

நான் சொல்லப்போவது 1992ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் இதே மண்டபத்தில் மேடையேறிய அரிச்சந்திரன் நாடகத்தைப் பற்றி. அந்த நாடகத்துக்கு ஒரு படம்கூட இல்லை. அப்போது யாரிடமும் பிலிம் இருக்கவில்லை. மலர்க்குழுவினர் பழைய நாடகப் படங்களைத் தேடியபோது என்னிடமும் கேட்டார்கள். நான் கொடுக்கக்கூடியதாக இருந்தது ஒரு கொப்பி மட்டும். எண்பது பக்கக் கொப்பி. அதை இன்று கொண்டு வந்திருக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் அப்போது ஆண்டு 10. மின்சாரம் நின்று இரண்டரை வருடம் ஆகியிருந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, துணி, நூல், எதைக் கேட்டாலும் "இல்லை" அல்லது வாங்க முடியாத விலை. அந்த நாட்களை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அறியாத தங்கைமார் பக்கத்தில் இருக்கும் அக்காமாரிடம் கேளுங்கள், நிறுத்தாமல் சொல்வார்கள்.

எங்கள் நாடக ரீச்சர் பேராதனையில் படித்தவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அங்கே மாணவர்களைக்கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றிய காலத்துக் கதைகளையெல்லாம் எங்களுக்குச் சொல்வார். வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பைப் பற்றி அவரிடம்தான் முதன்முதல் கேள்விப்பட்டேன். கோழி கவிழ்க்கும் கரப்பைப்போல வளையம் வைத்து விரிந்து நிற்கும் உடுப்பு என்று கரும்பலகையில் கீறிக் காட்டினார். எங்கள் பெற்றோரோ நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கோயில் வீதிகளில் விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே அரிச்சந்திரன் என்றதும் ஊருக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. ரீச்சர் அதை ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சுருக்கி எழுதினார். இருபத்து மூன்று பிள்ளைகள் நடித்தார்கள்.

முன்பெல்லாம் நாடகத்துக்கு உடுப்பும் சீனும் வாடகைக்கு எடுப்பார்கள். வெல்வெற்றில் கண்ணாடி பதித்த சட்டைகள், புஜகிரீடம், மார்புப் பதக்கம் எல்லாம் பெட்டியோடு வரும். எங்கள் காலத்தில் அந்த வழி அடைபட்டிருந்தது. ரீச்சர் எங்கள் நான்கு பேரை மனையியல் அறைக்குக் கூப்பிட்டு, "உடுப்பு வீடுகளிலை கேட்டு வாங்குங்கோ. ஆனா ஒண்டு. ஒரு துணியிலையும் கத்தரிக்கோல் படக்கூடாது. வாங்கினது வாங்கின மாதிரிப் போகவேணும்" என்றார்.

அந்த ஒரு கட்டளைதான் எங்கள் உடுப்புக் கலையைத் தீர்மானித்தது. வெட்டித் தைப்பதற்கு எவராலும் முடியும். ஆறு யார் சேலையை வெட்டாமல், பசை பூசாமல், அரசனின் உடுப்பாக்கி, மூன்றாம் நாள் அதே மடிப்போடு உரியவரிடம் கொடுப்பது வேறு வேலை. முதலில் வேட்டியைக் கச்சம் வைத்துக் கட்டி, அதன் மேல் சரிகைச் சேலையை நீளப்பாட்டில் நான்காக மடித்து, விசிறி மடிப்பாகக் கொய்து இடுப்பைச் சுற்றி நிறுத்துவோம். இன்னொரு சேலையை ஒரு சாண் அகலப் பட்டியாக மடித்து மார்புக்குக் குறுக்கே போடுவோம். மடிப்புகளை நூலோட்டம் போட்டுப் பிடிப்போம். சரிகையில் ஊசி ஏற்றக்கூடாது, துளை பிறகு மறையாது. பட்டிலும் அப்படித்தான். கரைக்குப் பக்கத்தில் நூல்துணி இருக்கும் இடம் பார்த்து ஏற்றவேண்டும். பின் குத்துவதென்றால் முதலில் மெழுகுதிரியில் தேய்க்கவேண்டும், இல்லாவிட்டால் மாரிக் குளிருக்குத் துருக்கறை பிடித்துவிடும்.

முடிக்கும் நகைக்கும் காட்போட் மட்டையும் தேயிலைப் பெட்டி ஈயத்தாளும். ஒட்டுவதற்குப் பசை வேண்டுமே என்று நான் வீட்டில் இரண்டு கரண்டி கோதுமை மா எடுத்தேன். அம்மம்மா பிடித்துவிட்டா. "மனிசர் தின்ன மா இல்லை, ராசாவின்ரை முடிக்குப் பசை காய்ச்சுறியோ?" என்று கேட்டுவிட்டு, பிறகு தானே வளவு விளாமரத்தில் பிசின் உரித்துத் தந்தா. அந்தப் பிசின் மாப் பசையைவிட நன்றாகப் பிடித்தது என்பதையும் சொல்லவேண்டும்.

இனி என் வீட்டைப் பற்றி. இது இல்லாமல் கதை விளங்காது.

அப்பா கொழும்பில் வேலையோடு நின்றுவிட்டார். காசு கிளாலியால் வருபவர் யாரிடமாவது எப்போதாவது வரும். அரியாலையில் எங்கள் வீட்டை ஓட்டியது அம்மாவின் கால்மெசின்தான். அம்மாவுக்கு உழைப்புக் காலம் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் இடைப்பட்ட இரண்டு மாதங்கள். அதிலும் நத்தார். பாஷையூர், கொழும்புத்துறைப் பக்கத்திலிருந்து பிள்ளைகளின் நத்தார்ச் சட்டைகள் வரும். பழைய சேலையைத் தந்து "இதிலை இரண்டு பிள்ளைக்குத் தையுங்கோ" என்பார்கள். அந்த வருடம் பத்தொன்பது சட்டைகள் ஏற்றிருந்தா. அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, பாஷையூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவ. ஆகவே எங்கள் வீட்டில் மார்கழி என்றால் விடியற்காலை திருவெம்பாவைச் சங்கும் உண்டு, நத்தார் கேக்கும் உண்டு, அது முடியப் பொங்கலும் உண்டு. அம்மம்மா ஒரு பக்கம் பயற்றம் பணியாரத்துக்குப் பயறு வறுத்து இடிப்பா. மறுபக்கம் சின்னம்மா கொண்டுவந்த ரவையை வறுத்துக் கேக்குக்கு ஊறவைப்பா. சட்டிக்கு மேலும் கீழும் தணல் போட்டு வேகவைத்த கேக். பட்டர் இல்லை, முந்திரிகைப்பருப்பு எண்ணிப் போட்டது. ஆனாலும் அந்த மணத்தை நான் பிறகு எந்தக் கேக்கிலும் காணவில்லை.

இந்த நெரிசலுக்குள் நான் போய், "அம்மா, நாடக உடுப்பு நாங்கள்தான் செய்யிறம்" என்றேன். அம்மா மெசினை நிறுத்தாமலே கேட்டா. "அதுக்கு ஆர் காசு தருவினம்?"

எனக்குப் பதில் இல்லை.

"மெசினிலை கை வைக்கப்படாது. நூலிலையும் கை வைக்கப்படாது. விளக்கு ஒண்டுதான். அந்த வெளிச்சத்திலை இருந்து செய்யிறதெண்டாச் செய்."

இன்று நினைத்தால் அது மிகவும் நியாயமான தீர்ப்பு. அன்று எனக்குக் கண்ணீர் வந்தது. ஒரு நூற்கட்டை எவ்வளவு நாளைக்கு வரவேண்டும் என்று அம்மாவுக்குக் கணக்கு இருந்தது. எனக்கு நாடகம் மட்டும்தான் இருந்தது.

நூலுக்கு வழி காட்டியது நிவாரண மா மூட்டை. மா மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூல் தடித்த வெள்ளை நூல். சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் ஒரே இழுவையில் முழுவதும் கழன்று வரும். பிழையான முனையைப் பிடித்தால் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டவேண்டும். சங்கக் கடையில் கேட்டு, மூட்டை அவிழ்க்கிற நாட்களில் போய் நின்று அந்த நூல்களைச் சேர்த்தோம். ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி அம்மா மெசினிலும் நான் கையிலுமாக இரவில் தைப்போம். இருவரும் கதைப்பதில்லை. அம்மாவின் கால் நிற்கும் நேரத்தில் அம்மம்மாவின் குறட்டை கேட்கும்.

நாடகத்தில் ஒரு சிக்கல் இருந்தது. விசுவாமித்திரர் அரிச்சந்திரனிடம் நாட்டைக் கேட்கிறார், கொடுக்கிறான். முடி, நகை, கடைசியாக உடுத்த பட்டு. எல்லாவற்றையும் மேடையிலேயே கழற்றவேண்டும் என்று ரீச்சர் சொன்னார். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தால் அந்தக் கட்டத்துக்கு உயிர் இல்லை என்பது அவர் நினைப்பு. உள்ளே முழங்கால்வரை கட்டிய பழைய வேட்டி இருக்கும், அது சுலபம். ஆனால் இருபது மடிப்பாகக் கொய்து நூலோட்டம் போட்ட பட்டை மேடையில் எப்படிக் கழற்றுவது? ஒத்திகையில் நூலை அறுத்துப் பார்த்தோம். ஒரு பிள்ளை இழுக்க, மற்றவள் பிடிக்க, அரிச்சந்திரன் விழுந்துவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். ரீச்சர் சிரிக்கவில்லை.

அன்றிரவு மா மூட்டை நூலைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது பட்டது. இந்த நூல் ஏன் ஒரே இழுவையில் வருகிறது? சங்கிலித் தையல் என்பதால். ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையம் பிடித்திருக்கிறது. கடைசி வளையத்தைப் பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுவிடும். மடிப்புகளின் மேல் விளிம்பில், இடுப்புப் பக்கத்தில், அதே தடித்த நூலால் சங்கிலித் தையல் போட்டேன். கடைசி வளையத்தை முடிச்சிடாமல் அதற்குள் ஒரு ஈர்க்குத் துண்டைச் செருகி, நூலின் முனையை அடிப்பக்கத்தால் தொங்கவிட்டேன். ஈர்க்கை உருவிவிட்டு நூலை இழுத்தேன். மடிப்பு முழுவதும் மடியில் சரிந்து விழுந்தது.

மெசின் நின்றது. "அந்தத் தையலை ஆர் சொல்லித் தந்தது?" என்று அம்மா கேட்டா.

"மா மூட்டை."

அம்மா சிரித்தா. அந்த மாரிக்கு அதுதான் அம்மாவின் முதற் சிரிப்பு. பிறகு துணியை வாங்கிப் பார்த்துவிட்டு, "வளையம் பெரிசாப் போட்டிட்டாய். பட்டிலை இழுபடும். கொஞ்சம் சின்னனாப் போடு" என்றா. அன்றிலிருந்து என் வேலையை இடையிடையே எட்டிப் பார்க்கத் தொடங்கினா. மெசினைத் தொட விட்டாவா என்றால், இல்லை.

விசுவாமித்திரருக்குக் காவி வேண்டியிருந்தது. இரவல் வேட்டிக்கு எப்படிச் சாயம் போடுவது? மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்திச் சிவப்பு வருமல்லவா, அதே வித்தை. "மஞ்சள் வெயிலுக்கு நிக்காது பிள்ளை, தேசிக்காய் விட்டு அலசி இரண்டு நாள் காயப்போட்டா வெள்ளையாப் போயிடும்" என்று அம்மம்மா உறுதி சொன்னா. வேட்டிக்காரரிடமும் அனுமதி வாங்கினோம். தாடி தென்னந்தும்பில் செய்தது. கட்டிய பிள்ளை நாடகம் முடியும்வரை சொறிந்துகொண்டே சபித்தாள். பார்த்தவர்கள் முனிவரின் கோபத்தை நன்றாகக் காட்டினாள் என்று மெச்சினார்கள்.

ஒத்திகை நாட்களில் ஒருமுறை பொம்மர் சத்தம் கேட்டது. எல்லோரும் பங்கருக்கு ஓடவேண்டும். மார்கழி மழைக்குப் பங்கருக்குள் முழங்கால் தண்ணீர். ரீச்சர் பின்னால் நின்று, "சீலையைத் தூக்கிப் பிடியுங்கோ! சீலையைத் தூக்கிப் பிடியுங்கோ!" என்று கத்தினார். முடியும் புஜகிரீடமுமாக ஒரு அரசன், அவன் மந்திரிகள், ஒரு முனிவர், எல்லோரும் இரவல் சேலைகளை இடுப்புக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுத் தண்ணீரில் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

நாடகம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. இரவில் வைக்க வெளிச்சமும் இல்லை, துணிவும் இல்லை. பகலில் நாடகம் போடுவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் ஈயத்தாள் தங்கமாகத் தெரியும், பகலில் தேயிலைப் பெட்டியாகத்தான் தெரியும். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை. ஆனால் துணி பொய் சொல்லவில்லை. யன்னல்களால் வந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு வீட்டுச் சேலையும் அதனதன் நிறத்தில் நின்றது.

முன்வரிசையில் வலிகாமம் வடக்கிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தங்கியிருந்தவர்களை ரீச்சர் இருத்தியிருந்தார். அந்தக் கட்டம் வந்தது. முடியைக் கொடுத்தாள். நகையைக் கொடுத்தாள். நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன். மந்திரியாக நடித்தவள் ஈர்க்கை உருவி நூலை இழுத்தாள். பட்டு அப்படியே சரிந்து காலடியில் விழுந்தது. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு வயோதிப அம்மா தன் தோளில் கிடந்த துவாயை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டா. "ஐயோ, பிள்ளைக்குக் குடுங்கோ" என்றா. உடுப்பு தவறிக் கழன்றுவிட்டது என்று நினைத்தாவோ, வேறென்ன நினைத்தாவோ தெரியாது. பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து இருத்தினார்கள். அரிச்சந்திரனாக நடித்த பிள்ளை அசையாமல் நின்றாள். அவள் எப்படி நின்றாள் என்று நான் பிறகு கேட்டேன். தனக்கு அடுத்த வசனம் மறந்துபோய்விட்டது என்றாள்.

நாடகம் முடிந்தது. கைதட்டல், பாராட்டு எல்லாம் நடித்தவர்களுக்கு. அதில் எனக்குக் குறை இல்லை, அது அவர்களுடையது. எங்கள் வேலை அப்போதுதான் தொடங்கியது. சேலை 14, வேட்டி 11, சால்வை 9, செம்பு 2, கைத்தடி 1, பெல்ற் 3, மணிமாலை 2, கவரிங் ஒட்டியாணம் 1. மொத்தம் 43 உருப்படி. கொப்பியில் எந்த வீடு, என்ன நிறம், எங்கே ஏற்கெனவே கிழிசல் என்று எல்லாம் எழுதியிருந்தோம். திருவெம்பாவைக்கு முன்னமும் நத்தாருக்கு முன்னமும் எல்லாம் அவரவர் வீட்டில் இருக்கவேண்டும். பெட்டியில் இருந்த ஒரே நல்ல சேலையைத் தந்தவர்கள் அவர்கள். பெருநாளுக்கு உடுக்க வேறு இல்லை.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

சந்திரமதி அரசியாக இருக்கும்போது உடுத்தது சந்தன நிறப் பட்டுச்சேலை. அது சின்னம்மாவின் மாமியாருடையது. நாங்கள் பாஷையூர் ஆச்சி என்போம். மூத்த மகன் முதற் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த சேலை. நத்தார்ப் பூசைக்கு மட்டும் உடுப்பா. சின்னம்மா தன் வாக்கின்மேல் அதை எனக்கு வாங்கித் தந்தவ. சைவ வீட்டிலிருந்து போன மருமகளுக்கு அந்த வீட்டில் ஒரு வாக்கு என்ன பெறுமதி என்று பெரியவர்களுக்குத் தெரியும்.

நாடகத்தன்று மாலை மழை மூடிக்கொண்டு வந்தது. சேலைகளை இரண்டு தரமாகக் கொண்டுபோகும்படி ரீச்சர் சொல்லியிருந்தார். எனக்கு இன்னொருமுறை சைக்கிள் உழக்கப் பஞ்சி. எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கரியரில் வைத்தேன். பாதி வழியில் மழை கொட்டியது. வீட்டில் அவிழ்த்தபோது, சேடிக்கு உடுத்திய அரக்குச் சிவப்பு நூற்சேலையின் சாயம் சந்தனப் பட்டின் தலைப்பில் ஐந்து இடத்தில் ஊறியிருந்தது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு.

நான் அழவில்லை. அழுவதற்குப் பயமாக இருந்தது. அம்மா பார்த்தா. ஒரு வார்த்தை ஏசவில்லை. மெசினிலிருந்த சட்டையைக் கழற்றி வைத்தா. இரவு முழுவதும் நாங்கள் இருவரும் பச்சைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், தேசிக்காய்ப் புளி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தோம். நத்தார்ச் சட்டைகள் அப்படியே கிடந்தன. பிறகு வெயிலுக்காகக் காத்திருந்தோம். நான்கு நாள் வெயில் வரவில்லை. கொடியில் விசுவாமித்திரரின் காவி வேட்டியும் சந்தனப் பட்டும் பக்கத்தில் பக்கத்தில் தாழ்வாரத்தில் தொங்கின. ஐந்தாம் நாள் வெயில் எறித்தது. அம்மம்மா சொன்னபடி வேட்டி வெளுத்துவிட்டது. அரக்குச் சாயம் கொஞ்சமும் அசையவில்லை.

"நீயே கொண்டுபோய்க் குடு. சின்னம்மாவைக் குடுக்க விடாதை" என்றா அம்மா.

கொண்டுபோனேன். ஆச்சி வாசற்கட்டில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சேலையை மடியில் விரித்துக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். மழை என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு பஞ்சியில் ஒரே பொட்டலமாகக் கட்டியதையும் சொன்னேன். சின்னம்மா குசினி வாசலில் நின்றா, முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆச்சி கனநேரம் கறையைத் தடவிக்கொண்டிருந்தா. பிறகு, "இதை நாடகத்திலை ஆர் உடுத்தது?" என்று கேட்டா.

"சந்திரமதி, ஆச்சி."

"மயானத்திலையோ?"

"இல்லை, ராசாத்தியா இருக்கேக்கை."

"ம்" என்றா. அவ்வளவுதான். மன்னித்தாவா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. சேலையை மறுமுனையிலிருந்து உடுத்தால் என்ன? கறைபட்ட தலைப்பை இடுப்பில் செருகும் பக்கமாக்கி உள்ளே மறைத்து, வழக்கமாக உள்ளே போகும் வெறும் முனையைத் தோளுக்குக் கொண்டுவந்தால் ஒன்றும் தெரியாது. சரிகைத் தலைப்பு மறைந்துவிடும், கரை மட்டும் நிற்கும். அங்கேயே ஆச்சிக்கு உடுத்திக் காட்டினேன். தோளில் மடிப்பை ஒடுக்கமாகக் கொய்து பின் குத்தினேன், நாடகத்துக்குச் செய்ததுபோலவே. நத்தார்ப் பூசைக்கு ஆச்சி அப்படித்தான் உடுத்திக்கொண்டு போனா. யாரோ "புதுசா எடுத்ததோ?" என்று கேட்டார்களாம். அதைச் சின்னம்மா வந்து சொன்னபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது. அடுத்த வருடம் நான் இன்னொரு நாடகத்துக்கு உடுப்புக் கேட்டுப் போனபோது ஆச்சி சொன்னா, "சீலை தரமாட்டன் பிள்ளை. வேணுமெண்டாச் செம்பைக் கொண்டுபோ."

அம்மா அந்தப் பத்தொன்பது சட்டைகளையும் தைத்து முடித்தா. இழந்த இரவை நான் ஈடுசெய்தேன். கொக்கி தைப்பதும் விளிம்பு மடிப்பதும் முழுக்க என்னுடையது. 24ஆம் திகதி பின்னேரம் கடைசிச் சட்டையை வாங்கிக்கொண்டு போனவர்கள் ஒரு சருவச்சட்டி நிறையக் கேக்கும் கொக்கிசும் தந்துவிட்டுப் போனார்கள்.

தங்கைமாருக்கு ஒரு வார்த்தை இடையில் சொல்லவேண்டும், கோபிக்காதீர்கள். இப்போது தமிழ்த் தினப் போட்டிகளுக்கு நான் போவதுண்டு. உடுப்பெல்லாம் வாடகைக்கு வருகிறது. கண்ணகியும் மயில்நீல வெல்வெற், இராவணனும் மயில்நீல வெல்வெற். பிள்ளைகள் பைக்குள் இருந்து எடுத்துப் போட்டுவிட்டுக் கழற்றி எறிகிறார்கள். அந்த உடுப்பு எப்படி நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நாடகமும் அரங்கியலும் பாடத்தில் ஒப்பனை, உடை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், ஊசியில் நூல் கோக்கக் கேட்டால் அம்மாவைத் தேடுகிறார்கள். இது என் தொழிற்குறையாகவும் இருக்கலாம்.

இனிக் கொப்பிக்கு வருகிறேன்.

நத்தாருக்கு முதல்நாள்வரை நாங்கள் நாலு பேரும் வீடு வீடாகப் போய் 42 உருப்படிகளைக் கொடுத்துக் கொப்பியில் சரி போட்டோம். அந்த நால்வரில் ஒருத்தி இப்போது கனடாவில், ஒருத்தி வவுனியாவில், ஒருத்தி இன்று நம்மோடு இல்லை. அவளுடைய எழுத்துத்தான் கொப்பியில் அதிகம். மிஞ்சியது ஒரு சால்வை. மயானத்தில் வீரபாகு தோளில் போட்டிருந்தது. நான் கொண்டுபோனபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது. கிளாலியால் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எங்கே என்று அவர்களுக்கும் தெரியாது. வருவார்கள், கொடுக்கலாம் என்று அம்மா அதைத் தோய்த்து மடித்துத் தன் பெட்டியில் வைத்தா.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாங்களும் வெளிக்கிட்டோம். மழை. மெசினைக் கொண்டுபோக முடியவில்லை. அம்மா கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் கைக்கு எட்டிய கொப்பிகளையும் அந்தச் சால்வையில் சுற்றி எடுத்தா. சாவகச்சேரிக்குப் போகிற வழியில் அம்மம்மாவுக்கு நடுக்கம் கண்டபோது பொட்டலத்தை அவிழ்த்துச் சால்வையால் போர்த்தினோம். அந்த இரவு முழுவதும் அது அம்மம்மாவின் தோளில் கிடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் மெசினின் கால் மட்டும் இருந்தது, தலை இல்லை. அம்மாவின் பெட்டியும் இல்லை. கொப்பி மட்டும் இருந்தது, சால்வைக்குள் இருந்த காரணத்தால். பக்கங்களின் ஓரம் நனைந்து மை கரைந்திருக்கிறது. ஆனாலும் வாசிக்கலாம்.

கொப்பியை இன்று அதிபரிடம் ஒப்படைக்கிறேன். மனையியல் அறை அலுமாரியில் இருக்கட்டும். சால்வையையும் கொண்டு வந்திருக்கிறேன். அதை ஒப்படைக்க எனக்கு உரிமை இல்லை, அது என்னுடையது அல்ல. நான்கு முழச் சால்வை, ஒற்றைப் பச்சைக் கரை, ஒரு மூலையில் நீல நூலால் சின்னப் புள்ளடி தைத்திருக்கிறது, வண்ணான் குறியாக இருக்கலாம். கொப்பியின் பதினேழாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "சால்வை 1. ஒழுங்கை மூலை, சைக்கிள் கடைக்குப் பின்வீடு, ஐயா. கிழிசல் இல்லை." பெயர் எழுதவில்லை. அப்போது எல்லோருக்கும் தெரிந்த ஐயா என்பதால் எழுதத் தோன்றவில்லை. இப்போது எங்கள் ஒருவருக்கும் அந்தப் பெயர் நினைவில் வரவில்லை.

அந்த ஒழுங்கையில் இருந்து படித்த அக்காமார் இந்த மண்டபத்தில் நாலைந்து பேராவது இருப்பீர்கள். தேநீருக்கு எழும்பும்போது தயவுசெய்து ஒருமுறை வந்து பாருங்கள். நான் யன்னலுக்குப் பக்கத்துக் கடைசி மேசையில் இருப்பேன்.